‘ஏன் பயன்படுத்துகிறாய்?’ என்று கேட்காதீர்கள்

கல்லூரி மாணவர்கள் கைப்பேசியில் சமூக வலைத்தளங்களை எதற்காகப் பயன்படுத்துகிறார்கள், அவர்களது உறவுகள் அதில் எப்படி அமைகின்றன என்ற தலைப்பில் ஆய்வேடு எழுத என்னிடம் ஆண்டுதோறும் யாராவது வருகிறார்கள். அருமையான தலைப்பு. கெட்டுப்போவது வினாப்பட்டியலில்தான். ‘தகவல், பொழுதுபோக்கு, நட்பு, மற்றவை’ என நான்கு கட்டங்களைக் கூகுள் படிவத்தில் போட்டு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினால் ஒரே இரவில் பதில்கள் குவியும். பேராசிரியர் படிப்பார் என்று தெரிந்த பிள்ளைகள் ‘தகவல்’ கட்டத்தைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

காரணத்தை விட்டுவிட்டுச் செயலைக் கேளுங்கள். நேற்று இரவு விடுதி அறைக்குத் திரும்பியதும் முதலில் எதைத் திறந்தாய்? கடைசியாகக் குரல்செய்தி அனுப்பியது யாருக்கு? எழுதாமல் ஏன் பேசி அனுப்பினாய்? அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பது சிரமம் என்று ஒரு மாணவி சொன்னால், உங்கள் நான்கு கட்டங்களில் அதை எங்கே வைப்பீர்கள்? ஊடகம் மனிதர்களை என்ன செய்கிறது என்பதோடு நில்லாமல், மனிதர்கள் ஊடகத்தைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னவர் ஊடக ஆய்வாளர் எலிஹு காட்ஸ். அந்தக் கேள்விக்கு விடை இப்படிப்பட்ட பதில்களில்தான் இருக்கிறது.

எவ்வளவு நேரம் பார்க்கிறாய் என்று கேட்டு வரும் மதிப்பீட்டை நம்பாதீர்கள். கைப்பேசி அமைப்புகளில் திரை நேரக் கணக்கு இருக்கிறது. அதை அவர்களே திறந்து வாசிக்கட்டும். நீங்கள் கைப்பேசியைக் கையில் வாங்கக் கூடாது, ஸ்கிரீன்ஷாட்டும் கேட்கக் கூடாது. முகப்புப் படத்தில் தன் முகத்தை வைக்காமல் பூவை வைத்திருக்கும் பெண்ணுக்கு அதற்கான காரணம் இருக்கும். அவளிடம் தனியாக, இன்னொரு மாணவியே பேசுவது நல்லது.

உறவுகளை அளப்பதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். சமீபத்தில் செய்தி பரிமாறிய பதினைந்து பேரை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், உறவு போதும்: அக்கா, பிளஸ் டூ தோழி, காலை பஸ்ஸில் கூட வருபவர், படிப்பை முடித்துப்போன சீனியர். ஒவ்வொருவருக்கும் எதிரே, நேரில் எப்போது பார்த்தாய், அவசரத்துக்குப் பணம் கேட்பாயா, புதிதாக எந்தச் செய்தி இவரிடமிருந்து வந்தது என்ற மூன்றையும் குறியுங்கள்.

அந்தத் தாளில் மூன்றாவது குறிப்பை, புதுச் செய்தி யாரிடமிருந்து வந்தது என்பதை, ஊன்றிப் படியுங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியான தன் கட்டுரைக்காக, பாஸ்டன் அருகே தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் விசாரித்தார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துவந்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான், மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கும் ஆள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்திலிருந்து வருகிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வும் ஃபேஸ்புக் பயன்பாடு இத்தகைய மெல்லிய தொடர்புகளோடுதான் அதிகம் இணைந்திருப்பதாகக் கண்டது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! உதவித்தொகையின் கடைசித் தேதியையும் டிஎன்பிஎஸ்சி அறிவிப்பையும் அப்பாவால் சொல்ல முடியாது. என்றோ பழகிய சீனியரின் ஸ்டேட்டஸ் சொல்லிவிடும். கைப்பேசியைப் பிடுங்கி வைக்கும் நிர்வாகங்கள் இதையும் சேர்த்தே பிடுங்குகின்றன என்பது என் உறுதியான கருத்து.

முடிவுரையில் அவசரம் வேண்டாம். தனிமையில் இருப்பவர் அதிகம் பார்க்கிறாரா, அதிகம் பார்ப்பதால் தனிமையா என்பதை ஒரே முறை எடுத்த கணக்கு சொல்லாது. முடிந்தால் பொங்கல் விடுமுறைக்கு முன்பு ஒருமுறையும், ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு ஒருமுறையும் அதே பட்டியலை எழுத வையுங்கள். யார் பட்டியலிலிருந்து விழுந்தார்கள், யார் புதிதாக ஏறினார்கள் என்பதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்குங்கள்.