முள் சிவப்பைத் தொடும்போது: பழைய காரின் சூட்டைச் சரியாக அறியும் முறை

பழைய காரின் டெம்பரேச்சர் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியதும் தெர்மோஸ்டாட்டை (சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடாத வால்வு) மாற்றி, அதற்கும் அடங்காமல் வாட்டர் பம்ப்பை மாற்றி, கடைசியில் ரேடியேட்டரையே கழற்றிய பிறகும் முள் அதே இடத்தில் நிற்பதைக் கண்டு திகைப்பவர்கள் பலர். என்ஜின் உண்மையிலேயே சூடாகிறதா, மீட்டர்தான் தவறாகக் காட்டுகிறதா என்று முடிவு செய்வதற்கு முன்பே ஸ்பேனரைக் கையில் எடுத்ததுதான் அவர்கள் செய்த பிழை.

ஆகவே முதல் வேலை அளவெடுப்பது. அதற்கு ஓர் அகச்சிவப்பு வெப்பமானி போதும். என்ஜின் நன்றாகச் சூடேறிய பின், தெர்மோஸ்டாட் இருக்கும் உறையின் மேல் அளக்க வேண்டும். பளபளப்பான உலோகத்தின் மேல் இக்கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், அவ்விடத்தில் மங்கலான கறுப்பு டேப் ஒன்றை ஒட்டி அதன் மேல் அளப்பது நல்லது. தெர்மோஸ்டாட்டில் பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரி செல்சியஸ் என்று பொறித்திருக்கும். அளவு அந்த எண்ணுக்கு அருகில் இருந்து, முள் மட்டும் சிவப்பில் நின்றால், குறை மீட்டர் பக்கத்தில் உள்ளது.

எந்தச் சோதனையிலும் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது. 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் மூடி போட்ட ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 111 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும்; மூடியைத் திறந்து அழுத்தம் நீங்கிய நொடியில் அது நீராவியாகிச் சீறி முகத்தைப் பதம் பார்த்துவிடும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்கும் அளவுக்கு எல்லாம் ஆறட்டும்.

மீட்டர்களில் இரு வகை உண்டு. என்ஜினிலிருந்து டேஷ்போர்டு வரை மெல்லிய குழாய் ஒன்று ஓடினால் அது மின்சாரம் தேவைப்படாத வகை. குழாயின் என்ஜின் பக்க முனையில் இருக்கும் குமிழிலுள்ள ஈதரின் ஆவியழுத்தமே முள்ளை நகர்த்துகிறது. குழாய் முறிந்தால் முள் குளிர்ந்த நிலையிலிருந்து எழவே எழாது. ஈதர் எளிதில் தீப்பற்றும் என்பதால் அந்தக் குழாயில் வீட்டில் சால்டரிங் செய்யத் துணியாமல், முழு அமைப்பையும் பழுது நீக்குபவரிடம் தருவதே சரி.

மின்சார வகையில், என்ஜினில் திருகியிருக்கும் சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். இக்னிஷனைப் போட்டுவிட்டு, சென்சாரின் வயரைக் கழற்றினால் முள் குளிர்ந்த பக்கம் விழ வேண்டும். அதே வயரை என்ஜின் உலோகத்தில் தொட்டால் சூடான பக்கம் ஏற வேண்டும். சில மீட்டர்களில் முள் மெதுவாகவே நகரும், ஆகையால் சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் உச்சியை எட்டியதும் வயரை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளிருக்கும் சுருள் கருகக் கூடும். முள் இவ்விதம் இருபுறமும் சென்று வந்தால் மீட்டரும் வயரும் நலம். சென்சாரையே சந்தேகிக்க வேண்டும். சென்சார் தன் மரையின் வழியாகவே எர்த் பெறுகிறது. கசிவுக்குப் பயந்து அதில் டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றினால் முள் குறைத்துக் காட்டும்.

பெட்ரோல் மீட்டரும் இருப்பதைவிட அதிகமாகக் காட்டுகிறதா என்று அவசியம் கவனிக்க வேண்டும். பல பழைய பிரிட்டிஷ் கார்களில் இரு மீட்டர்களுக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர் சராசரியாக 10 வோல்ட் தருகிறது. அதன் எர்த் விட்டுப்போனால் பேட்டரியின் முழு வோல்டேஜும் பாய்ந்து இரண்டு முட்களும் ஒன்றாக ஏறும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு திருகை இறுக்கினால் முடியும் வேலைக்காக என்ஜினைப் பிரித்தவர்களும் உண்டு.

மீட்டர் உண்மையே சொல்கிறது என்று தெரிந்தால், சூடு எப்போது ஏறுகிறது என்பதே சிறந்த துப்பு. நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால் காற்றோட்டம் போதவில்லை. ஃபேன் பெல்ட்டின் நீண்ட பகுதியைக் கட்டை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தொய்யக் கூடாது. ஃபேன் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா, ரேடியேட்டர் தகடுகளில் மண்ணும் பூச்சியும் அடைத்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். மாறாக, வேகத்திலும் ஏற்றத்திலும் சூடேறினால் நீரோட்டத்தில்தான் தடை. ரேடியேட்டரின் முகப்பை வெப்பமானியால் தடவிக்கொண்டே சென்றால், அடைபட்ட குழாய்கள் குளிர்ந்த திட்டுகளாகத் தெரியும். கீழ் ஹோஸ் பம்ப்பின் உறிஞ்சும் பக்கம் என்பதால், அதனுள்ளிருக்கும் கம்பிச்சுருள் துருப்பிடித்து உதிர்ந்திருந்தால், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஹோஸ் சப்பையாகி ஓட்டத்தை நிறுத்திவிடும். என்ஜின் நின்றிருக்கையில் இது கண்ணில் படவே படாது.

தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கிப் பார்க்கலாம். பொறித்த எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். அதை அடியோடு எடுத்துவிடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. சில என்ஜின்களில் பைபாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாமல் நீர் திரும்பும் குறுக்குவழி) அடைப்பதும் அதே தெர்மோஸ்டாட்தான். அது இல்லாவிட்டால் சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலேயே சுற்றிவரும், சூடு கூடும். அதிக அழுத்தம் தாங்கும் மூடியைப் போடுவதும் தீர்வாகாது, பழைய ரேடியேட்டரின் பற்றவைப்புகள்தான் பிளக்கும்.

தண்ணீர்ப் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால் தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்க்க வேண்டும். இக்னிஷன் டைமிங் பின்தங்கி, தீப்பொறி தாமதமாக விழுந்தால் எரிதலின் சூடு அதிகமாகச் சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்கும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பிய ரேடியேட்டரில் குமிழிகள் ஓயாமல் வந்தாலோ, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் விட்டுவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தான அறிகுறி ஒன்று உண்டு. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று இறங்கினால் நிம்மதி அடையக் கூடாது. நீர் வற்றி சென்சார் நீரில்லாத இடத்தில் நிற்கும்போதும் முள் அப்படித்தான் விழும். ஹெட் அப்போது கொதித்துக்கொண்டிருக்கும். உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும்.

வேலை முடிந்து கூலன்டை நிரப்பும்போது ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, காற்று முழுதும் வெளியேறும்படி மெதுவாக ஊற்ற வேண்டும். எதிலீன் கிளைக்கால் பாதி, நீர் பாதி என்ற கலவை போதும். கிளைக்கால் கூடினால் கலவை சூட்டைச் சுமக்கும் திறன் குறையும். ஒரு முறை ஓட்டி, முழுதும் ஆறவிட்டு, மட்டம் குறைந்திருந்தால் மீண்டும் நிரப்பிய பின், அகச்சிவப்பு வெப்பமானி 85 டிகிரி காட்டும் நேரத்தில் முள் நிற்கும் இடத்தைக் கண்ணாடியின் மேல் சிறிய புள்ளியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.