பழைய உலக சினிமாவுக்கு விமர்சனம் எழுதுறது எப்படி? ஒரு சைக்கிள வெச்சு கத்துக்கலாம்

நான் முதமுதல்ல எழுதுன விமர்சனம் முழுக்க கதைச்சுருக்கம் தாங்க, கடைசில "அருமையான படம், கண்டிப்பா பாருங்க"ன்னு முடிச்சிருந்தேன், இப்ப படிச்சா எனக்கே சிரிப்பு வருது. நீங்க அப்படி மாட்டிக்காம இருக்க ஒரு படத்த வெச்சே பாத்துடுவோம், 1948ல வந்த இத்தாலி படம் 'பைசைக்கிள் தீவ்ஸ்', டைரக்டர் விட்டோரியோ டி சிகா.

முதல் தடவை பேனாவ தொடாதீங்க, செல்ல தூரமா வெச்சுட்டு சும்மா பாருங்க.

அடுத்து கதைய மூணு வரில அடக்குங்க. வேலையில்லாத அந்தோனியோவுக்கு ரோம்ல போஸ்டர் ஒட்டுற வேலை கெடைக்குது, அதுக்கு சைக்கிள் வேணும், முதல் நாளே அது திருடு போகுது, சின்னப் பையன் புரூனோவ கூட்டிக்கிட்டு ஊரெல்லாம் தேடுறான். போதும். முடிவ சொல்லிடாதீங்க, பாக்காதவங்களுக்கு இது இன்னிக்கும் புதுப்படம்.

இனிமே தான் மெயின் வேலையே. மறுபடி பாத்து உங்கள உலுக்குன ஒரே ஒரு சீன எடுங்க. எனக்கு அடகுக்கடை. அடகுல இருக்குற சைக்கிள மீட்க, பொண்டாட்டி மரியா வீட்டுப் படுக்கை விரிப்பையெல்லாம் உருவி மூட்டை கட்டிக் கொண்டாந்து வெக்கிறா. கடை ஆளு அந்த மூட்டையோட அலமாரில ஏறுறாரு, ஏறிக்கிட்டே இருக்காரு, பாத்தா மேல வரைக்கும் இதே மாதிரி மூட்டைங்க. எத்தனை வீட்ல வெறும் மெத்தையில படுத்திருக்காங்கன்னு யாரும் வாயத் தொறந்து சொல்லவே வேணாம். "வறுமைய உருக்கமா காட்டியிருக்காரு"ன்னு எழுதாம அந்தாளு ஏறுனத எழுதுங்க, படிக்கிறவன் தானா உருகுவான்.

அப்புறம் காலம். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு மூணே வருஷம், வேலையில்லாத் திண்டாட்டம், நிஜத் தெருவுல ஷூட்டிங், ஹீரோ லம்பெர்த்தோ மஜ்ஜொரானியே நிஜத்துல ஃபேக்டரி தொழிலாளி தான். இதையெல்லாம் தனி பாராவா கொட்டுனா பரீட்சை பேப்பர் மாதிரி ஆயிடும், அவரு நடிப்பப் பத்தி சொல்ற எடத்துல லேசா சொருகி விடுங்க.

புடிக்காததையும் எழுதுங்க. எனக்கு பின்னணி இசை சில எடத்துல ஓவரு, இப்ப அழுன்னு முதுகுல தட்டுற மாதிரி இருக்கும். கிளாசிக்குன்னு பயந்துக்கிட்டு இத முழுங்கக் கூடாது.

விகடன் மாதிரி மார்க் போடுறது உங்க இஷ்டம். முடிச்சதும் அருமை, அற்புதம், செம எங்கெல்லாம் இருக்குன்னு தேடி அடிச்சிட்டு போஸ்ட் பண்ணிடுங்க.