பழைய மகிந்திரா பிக்கப்: ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினை வீட்டிலேயே இறக்கிக் கட்டும் முறை

குடியாத்தம், ஆற்காடு, ஆரணி பக்கம் கொட்டகைகளில் நிற்கும் பழைய மகிந்திரா பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றில் எப்போதோ டீசல் இன்ஜின் ஏற்றிவிட்டார்கள். ஒரிஜினல் பெட்ரோல் இன்ஜின் இன்னும் இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள். வார்ப்பு கெட்டியான இன்ஜின் அது. முறையாகக் கட்டினால் இன்னும் பல வருடம் ஓடும்.

முதலில் உங்களுடையது ஹரிக்கேன் எஃப்-134 தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கார்புரேட்டர், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் மேலேயே நேராக உட்கார்ந்திருக்கும். சைலன்சருக்குப் போகும் மேனிஃபோல்டு பிளாக்கின் இடது பக்கத்தில் இருக்கும். இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருப்பதால் இன்ஜின் உயரம் அதிகம். 1953இல் வந்த சிஜே-3பி ஜீப்பின் பானெட்டை உயர்த்தியதே இதற்காகத்தான். நான்கு சிலிண்டர், 2199 சி.சி., போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 3 1/8 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 4 3/8 அங்குலம், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. எஃப்சி-150 வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே இன்ஜின்தான். அதில் இன்ஜின் கேபினுக்குள் இருப்பதால் இறக்கும் விதம் மட்டும் மாறும்.

கீழே வரும் அளவெல்லாம் தௌ கணக்கு. ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ. பட்டறையிலும் இப்படித்தான் பேசுவார்கள்.

இறக்குவதற்கு முன்

நீலப் புகை வருகிறது என்றதும் ரிங் செட் வாங்கக் கிளம்ப வேண்டாம். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு கம்ப்ரஷன் பாருங்கள். 120 முதல் 130 பிஎஸ்ஐ இருந்தால் நல்லது. குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். வால்வு மட்டும்தான் கோளாறு என்றால் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ஹெட்டைத் தூக்கிவிட்டு, பிளாக் வண்டியிலேயே இருக்க எக்ஸாஸ்ட் வால்வை கிரைண்ட் செய்துவிடலாம்.

கருவிகள்

இந்த வண்டியில் போல்ட் எல்லாம் அங்குல அளவு. 1/2, 9/16, 5/8, 3/4 சாக்கெட்டுகள் கட்டாயம் வேண்டும். மி.மீ. சாக்கெட்டைத் தட்டி ஏற்றினால் போல்ட் தலை மழுங்கும். மைக்ரோமீட்டர் மட்டும் மி.மீ. ஆக இருந்தால் பரவாயில்லை: 25–50, 50–75 இரண்டும் கிராங்குக்குப் போதும். சிலிண்டருக்கு டயல் போர் கேஜ் வேண்டும், அதை வாடகைக்கோ கைமாற்றாகவோ வாங்கிக்கொள்ளலாம். டார்க் ரெஞ்சை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். மலிவான கிளிக் வகையைவிட முள் காட்டும் பழைய பீம் வகையே மேல், அது பொய் சொல்லாது. செயின் பிளாக் ஒரு டன் தாங்குவதாக இருக்கட்டும். அதைக் கொட்டகையின் மூங்கிலிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக் குழாயிலோ மாட்டவே கூடாது. இரும்பு முக்காலி வாடகைக்குக் கிடைக்கும்.

இறக்குதல்

பேட்டரி, ரேடியேட்டர், ஹோஸ், செல்ஃப் மோட்டார், சைலன்சர் பைப், ஆக்சிலரேட்டர் கம்பி, மவுண்டிங் என்று வரிசையாகக் கழற்றுவது எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு போல்ட்டையும் வந்த இடத்தின் பெயர் எழுதிய கவரில் போடுங்கள்.

ஆயில் பம்பைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 1ஆம் சிலிண்டரைக் கம்ப்ரஷன் டாப்பில் நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை உருவி, உள்ளே தெரியும் ஷாஃப்ட்டின் வெட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது, அதன் அகலமான பக்கம் மேலா கீழா என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் வலது பக்கத்தில் இருந்தாலும் அதைச் சுழற்றுவது இடது பக்கத்து ஆயில் பம்ப் ஷாஃப்ட். பம்பை ஒரு பல் மாற்றிப் போட்டுவிட்டால் எவ்வளவு திருப்பினாலும் டைமிங் வராது.

ஹெட்டைத் தூக்குதல்: ஒளிந்திருக்கும் போல்ட்

இந்த இன்ஜினில் புதிதாகக் கை வைக்கும் எல்லோரையும் தடுமாற வைப்பது இதுதான். வெளியே தெரியும் ஹெட் போல்ட் எல்லாம் கழன்றுவிடும், ஹெட் மட்டும் அசையாது. கேஸ்கெட் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் செருகி நெம்புவார்கள், சுத்தியலால் தட்டுவார்கள். ஹெட்டின் முகம் நசுங்கும், சில நேரம் வார்ப்பே விரிசல் விடும்.

கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அது உட்கார்ந்திருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இன்லெட் பாதையின் உள்ளேயே ஒரு ஹெட் போல்ட் இருக்கிறது. கரி படிந்து கருப்பாக இருப்பதால் பார்த்தும் தெரியாமல் போகும். பெட்ரோல் தொட்ட பிரஷ்ஷால் துடைத்தால் தலை தெரியும். நீள எக்ஸ்டென்ஷன் போட்டுக் கழற்றுங்கள். ராக்கருக்கு ஆயில் ஏறும் குழாயையும் விடுவித்த பிறகு ஹெட் தானாக எழும்பும்.

எக்ஸாஸ்ட் வால்வைக் கழற்றும்போது, பக்கவாட்டு டேப்பட் அறையின் அடியிலுள்ள ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கியதும் வால்வு லாக் தெறிக்கும். துணி இல்லாவிட்டால் நேராக ஆயில் சம்ப்புக்குள் போய்விடும்.

பிஸ்டனை மேலே தள்ளுவதற்கு முன் சிலிண்டரின் உச்சியில் விரல் நகத்தால் தடவுங்கள். தடுக்கினால் அங்கே விளிம்பு உண்டாகியிருக்கிறது. அதை ரீமரால் எடுக்காமல் தள்ளினால் பிஸ்டனின் ரிங் மேடை உடையும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ஒவ்வொரு ராடுக்கும் அதன் கேப்புக்கும் ஒரே எண்ணை ஒரே பக்கத்தில் குத்துங்கள். கேப் மாறினால் பேரிங் பிடிக்கும்.

அளவு

அளந்து முடிக்கும்வரை எந்தப் பாகமும் வாங்காதீர்கள். இந்த இன்ஜின்கள் ஏற்கெனவே ஒருமுறையோ இருமுறையோ போர் அடித்தவையாக, அதாவது சிலிண்டரை அகலமாகக் கடைந்தவையாக இருக்கலாம். ஸ்டாண்டர்டு என்று நினைத்து வாங்கும் பிஸ்டன் வீணாகும்.

சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், நீளவாக்கிலும் குறுக்கிலும் அளந்து எழுதுங்கள். ஸ்டாண்டர்டு 3.125 அங்குலம். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசமோ குறுக்கு வித்தியாசமோ 5 தௌவைத் தாண்டினால் போர் அடித்தே ஆக வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன் 10, 20, 30, 40 தௌ என்று வரும். நாற்பதையும் தாண்டித் தேய்ந்திருந்தால் சிலிண்டருக்குள் ஸ்லீவ், அதாவது புது உறை போட வேண்டும்.

கிராங்கில் பேரிங் உட்காரும் உருளைப் பகுதிதான் ஜர்னல். மெயின் ஜர்னல் ஏறத்தாழ 2.333 அங்குலம், ராடு ஜர்னல் 1.938 அங்குலம். நகம் தடுக்கும் கோடு இருந்தாலோ, ஒரே ஜர்னலில் குறுக்கு அளவு ஒரு தௌவுக்கு மேல் வித்தியாசப்பட்டாலோ கிரைண்டிங்குக்குக் கொடுங்கள். அண்டர்சைஸ் பேரிங் 10, 20, 30 தௌவில் வரும். எமரி தாளைச் சுற்றிக் கையால் தேய்ப்பதும், பேரிங்குக்குப் பின்னால் சிகரெட் பெட்டித் தாளைச் செருகி இறுக்குவதும் இன்றும் நடக்கிறது. அப்படிக் கட்டிய இன்ஜின் ஒரு கோடையைத் தாண்டாது. யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

லேத் பட்டறையில்

லாரிக்கும் டிராக்டருக்கும் போர் அடிக்கும் பட்டறை எதுவானாலும் இதைச் செய்யும். பிளாக்கோடு புதுப் பிஸ்டனையும் கொண்டுபோய்க் கொடுங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போர் அடிக்க வேண்டும், பெட்டியில் எழுதிய அளவை நம்பி அடிக்கக் கூடாது. திரும்பி வந்ததும் நீங்களே சோதியுங்கள்: ரிங் இல்லாத பிஸ்டனைத் தலைகீழாக விட்டு, பக்கத்தில் 3 தௌ ஃபீலர் தாளைச் செருகி, ஸ்பிரிங் தராசால் இழுங்கள். இரண்டேகால் முதல் நாலரை கிலோ இழுப்பில் தாள் வர வேண்டும். வேலூர் வெயிலுக்கு இன்னும் லூசாக வைக்கலாம் என்று சொல்வார்கள். வேண்டாம், வெயிலைச் சமாளிப்பது ரேடியேட்டரின் வேலை.

பிளாக்கின் வாட்டர் ஜாக்கெட்டைச் சுத்தம் செய்யாமல் கொண்டுவராதீர்கள். பிளாக்கின் ஓட்டைகளை மூடியிருக்கும் வெல்ஷ் பிளக் தகட்டு மூடிகளைத் தட்டி எடுத்து உள்ளே பாருங்கள். பாலாற்றங்கரை போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில், 4ஆம் சிலிண்டரைச் சுற்றி உப்பும் துருவும் சுண்ணாம்பு அடைபோல் இறுகிக் கிடக்கும். கம்பியால் கிளறி எடுத்து, புது பிளக் அடியுங்கள்.

வீட்டுக்கு வந்த பிளாக்கை வெந்நீரிலும் சோப்பிலும் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஹோனிங் துகளை (சிலிண்டர் சுவரைத் தேய்த்ததில் தங்கிய பொடியை) எடுக்காது. வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் துளியும் வரக் கூடாது. ஈரம் உலர்ந்ததும் ஆயில் தடவி மூடுங்கள். ஒரு மணி நேரம் விட்டாலே துரு பூக்கும்.

கட்டுதல்

கிராங்கை உட்கார வைத்து, நசுங்கும் அகலத்தால் இடைவெளி காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையால் மூன்று மெயின் பேரிங் இடைவெளியையும் பாருங்கள். 3 தௌவுக்குள் இருக்க வேண்டும். மெயின் போல்ட் 65–75 பவுண்டு-அடி. பின் மெயின் கேப்பின் இரு பக்க ஓட்டையிலும் ரப்பர் பேக்கிங் துண்டு உண்டு. அது கேப்பின் அடிமுகத்துக்கு வெளியே கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சமமாக வெட்டிவிட்டால் கிளட்ச் பக்கம் ஆயில் ஒழுகும். அந்த ஒழுக்கை சீலண்ட்டால் அடைக்க முடியாது, மறுபடி இன்ஜினை இறக்க வேண்டியதுதான்.

கிராங்கின் முன்-பின் அசைவு 4 முதல் 6 தௌ. முன் மெயினில், த்ரஸ்ட் வாஷருக்குப் பின்னால் உள்ள ஷிம் எனும் மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய வேண்டும்.

ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் சமமாகத் தள்ளி வாய் இடைவெளியை அளங்கள். 7 முதல் 17 தௌவுக்குள் இருக்கட்டும். குறைவாக இருந்தால் நுண்ணிய அரத்தால் தேயுங்கள். ராடின் இரு பக்கமும் ஒரே அகலம் இல்லை. குறுகிய பக்கம் அருகிலுள்ள மெயின் பேரிங்கை நோக்கி இருக்க வேண்டும். ராடு நட் 35–45 பவுண்டு-அடி. ஒவ்வொரு ராடை முறுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். திடீரென்று இறுகினால் கடைசியாகப் போட்ட ராடில்தான் தப்பு. நான்கையும் போட்டுவிட்டுத் தேடுவது பெரிய வேலை.

டைமிங் கியர்களின் புள்ளிகளை நேர்ப்படுத்துங்கள். ஆயில் பம்ப்பில் ஆயில் நிரப்பி, எடுத்த படத்தைப் பார்த்து மாட்டுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பூட்டுவதற்கு முன்பே எக்ஸாஸ்ட் டேப்பட்டை 16 தௌவுக்கு வைத்துவிடுங்கள், பிறகு கை நுழையாது. இன்லெட் ராக்கர் 18 தௌ. இரண்டும் குளிர்ந்த இன்ஜினில்.

ஹெட் போல்ட் 60–70 பவுண்டு-அடி. நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக முறுக்குங்கள். உள்ளே இருக்கும் போல்ட்டையும் அதே அளவுக்கு முறுக்கிய பிறகே கார்புரேட்டர். ஹெட் கேஸ்கெட்டில் சிலிகான் எதுவும் பூசாதீர்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 20 தௌ, பிளக் இடைவெளி 30 தௌ, டைமிங் டாப்புக்கு 5 டிகிரி முன். டிஸ்ட்ரிபியூட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும், பிளக் வயரை அந்த வரிசையில் மாட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இது இப்போதைய பெட்ரோலால் வந்தது. இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரை ஊதவைத்து இளக்கிவிடும். பம்ப் டயாஃப்ரம், பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் கிட் மூன்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஊறிய ஹோஸ் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் ஒழுகினால் தீப்பிடிக்கும்.

முதல் ஸ்டார்ட்

பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை செல்ஃப் அடியுங்கள். எழாவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் பம்பைப் பாருங்கள். ரேடியேட்டருக்கு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் மட்டும், குழாய்த் தண்ணீர் கூடாது. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 1500 ஆர்பிஎம்முக்கு மேல் இருபது நிமிடம் ஓடட்டும். சூடான இன்ஜினில் ஓட்டத்தில் 35 பிஎஸ்ஐ அளவில் பிரஷர் காட்ட வேண்டும். ஐடிலில் 6க்குக் கீழே போனால் உடனே நிறுத்துங்கள்.

முதல் 800 கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். வேலூர்–ஆரணி போன்ற சமதளச் சாலை இதற்கு ஏற்றது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 100 கிலோமீட்டரில் ஆயில் மாற்றுங்கள். 500இல், இன்ஜின் ஆறிய பிறகு, கார்புரேட்டரைக் கழற்றி எல்லா ஹெட் போல்ட்டையும் மறுபடி டார்க் பாருங்கள், கூடவே டேப்பட்டையும். 800க்குப் பிறகும் டிப்ஸ்டிக்கில் ஆயில் இறங்கிக்கொண்டே இருந்தால், ரிங்கைச் சந்தேகிக்கும் முன் இன்லெட் வால்வு கைடையும் பின் மெயின் பேக்கிங்கையும் பாருங்கள்.