விதி எழுதுவோர் தனியுரிமையில் செய்யும் தவறுகள்

வாஷிங்டனில் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இருவர், தாங்கள் எழுதிய முதல் தனியுரிமைத் தாக்க மதிப்பீட்டை, அதாவது ஓர் அரசு விதி மக்களின் தனிப்பட்ட தகவலை எப்படிப் பாதிக்கும் என்று ஆராயும் அறிக்கையை, சென்ற மாதம் என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார்கள். விதியின் முன்மொழிவு வெளியான அன்றே அதன் மேலுறையில் “பணி முடிந்தது” என்று குறித்திருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். எழுத்துப்பிழை, தவறான பிரிவு எண் போன்றவற்றை எவரும் திருத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எந்தச் சட்டம் எதைப் பார்க்கிறது என்று அறியாமல் தொடங்குவது

அமெரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்-ஆளுமைச் சட்டம், 208ஆம் பிரிவு: ஆளை அடையாளம் காட்டும் தகவலைக் கையாளும் கணினி அமைப்பை ஒரு துறை உருவாக்கும் முன்போ வாங்கும் முன்போ, கணினி வழியே பத்துப் பேரிடமிருந்தோ அதற்கு மேற்பட்டோரிடமிருந்தோ புதிதாகத் தகவல் திரட்டத் தொடங்கும் முன்போ மதிப்பீடு செய்ய வேண்டும். கணினிதான் அதன் கவலை, விதி அன்று.

விதியையே நேராகப் பிடிக்க முயன்றது, அதே ஆண்டில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பாப் பார் கொண்டுவந்த மசோதா. சிறு தொழில்களின் மீது விதிகள் ஏற்படுத்தும் தாக்கத்தை ஆராயச் சொல்லும் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் அச்சிலேயே அது வார்க்கப்பட்டிருந்தது: விதியை முன்மொழியும்போது ஒரு பகுப்பாய்வு, இறுதி செய்யும்போது இன்னொன்று. பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய அம்மசோதா சட்டமாகவில்லை. நடைமுறையில் எஞ்சியவை, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 222ஆம் பிரிவும், 2004 டிசம்பரில் சட்டமான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் 522ஆம் பிரிவும்தான். இரண்டும் தனியுரிமை அதிகாரியிடம் ஒப்படைப்பது “முன்மொழியப்பட்ட விதிகளின்” மதிப்பீட்டை. “முன்மொழியப்பட்ட” என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் அடுத்த தவறு பிறக்கிறது.

முன்மொழிவோடு கோப்பை மூடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. ஒரு துறைக்காக நான் மதிப்பீடு செய்த வரைவு விதியில், குறிப்பிட்ட பொருளை விற்கும் கடைக்காரர் வாங்குபவரின் ஓட்டுநர் உரிமத்தைப் “பார்த்துச் சரிபார்க்க வேண்டும்” என்று இருந்தது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதில் எதுவும் தங்காது என்பதால், “இவ்விதியால் எந்தத் தகவலும் சேமிக்கப்படுவதில்லை” என்று நிம்மதியாக எழுதிக் கையொப்பமிட்டேன். பிறகு, முன்மொழிவின் மேல் பொதுமக்கள் கருத்துச் சொல்வதற்கான அறுபது நாள் கருத்துக் காலம் ஓடியது. சரிபார்த்தோம் என்பதை ஆய்வாளரிடம் எப்படி நிரூபிப்பது என்று கடைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். சட்டப் பிரிவு அதற்குக் கண்ட விடை, இறுதி விதியில் “சரிபார்த்து, அதன் நகலை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்” என்று மாற்றியது. அதை யாரும் எனக்கு அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை.

ஓட்டுநர் உரிமத்தின் நகல் என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள்: பெயர், வீட்டு முகவரி, பிறந்த தேதி, உயரம், கண்ணின் நிறம், கையொப்பம், படம். அத்தனையும் ஒவ்வொரு கடையிலும் கல்லாவுக்குக் கீழே உள்ள இழுப்பறையில் கிடக்கும். அந்த இழுப்பறை அரசுத் துறையின் ஆவணத் தொகுப்பு அல்ல என்பதால் 1974ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டம் அதைத் தொடாது. அரசுக் கணினி அல்ல என்பதால் 208ஆம் பிரிவும் தொடாது. ஆக, அந்த நகல்களைப் பற்றி யோசிக்கக் கடமைப்பட்ட ஒரே இடம் விதியை எழுதிய மேசை. அங்கேயோ என் பழைய மதிப்பீடு, எதுவும் சேமிக்கப்படுவதில்லை என்று சாதித்துக்கொண்டிருந்தது. இறுதி விதியும் அதற்கு நேர் முரணான என் வரியும் ஒரே கோப்பில் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன.

ஆவணம் வைத்திருக்கச் சொல்வதும் தகவல் திரட்டலாகவே காகிதப்பணிக் குறைப்புச் சட்டத்தில் கருதப்படுவதால், அதற்கான ஒப்புதலையும் புதிதாகப் பெற வேண்டியிருந்தது. விதி நடைமுறைக்கு வருவது ஐந்து மாதம் தள்ளிப்போனது. தேதியும் உரிம எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் குறித்த ஒரு பதிவேடு போதும் என்பதே கடைசியில் கண்ட தீர்வு. கருத்துக் காலம் முடிந்த வாரத்தில் நான் அந்தக் கோப்பைத் திறந்திருந்தால் அதை அன்றே சொல்லியிருப்பேன்.

“பலர்” என்று எழுதுவது

222, 522 ஆகிய இரு பிரிவுகளும் பாதிக்கப்படுவோரின் எண்ணிக்கையைக் கேட்கின்றன. எண்ணுங்கள்.

பழைய மதிப்பீட்டை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது

செய்யாதீர்கள். உள்ளே பழைய துறையின் பெயர் எங்காவது ஓரிடத்தில் நிச்சயம் தங்கிவிடும்.

தவறினால் நீதிமன்றம் திருத்தும் என்று நம்புவது

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியுரிமைக் கேள்வியைச் சேர்க்க முயன்றபோது, உரிய தனியுரிமை மதிப்பீடு நடக்கவில்லை என்று மின்னணுத் தனியுரிமைத் தகவல் மையம் என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில், அந்த அமைப்புக்கு வழக்குத் தொடுக்கும் தகுதியே இல்லை என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் கூறிவிட்டது. பாப் பாரின் மசோதா நீதிமன்ற மறுஆய்வுக்கு வழி வைத்திருந்தது. இன்றைய ஏற்பாட்டில் அந்த வழி மிகக் குறுகலானது. ஆகவே உங்கள் மதிப்பீட்டை வெளியிலிருந்து எவரேனும் வந்து திருத்துவார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

அந்த இருவரின் விதிக்குக் கருத்துக் காலம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. மேலுறையில் இருந்த “பணி முடிந்தது” என்பதை அடித்துவிட்டு, இருபதாம் நாளின் தேதியை எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.