தாம்பரத்தில் நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் ஒரு வழி வரைவது

தாம்பரத்தைத் தண்டவாளம் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிக்கிறது. கூடவே ஜி.எஸ்.டி. சாலை. அதனால் வீட்டிலிருந்து பள்ளிக்கு வழி வரையும்போது முதலில் கடக்கும் இடங்களைக் குறியுங்கள்: சுரங்கப்பாதை, நடைமேம்பாலம், சிக்னல். தெருக்களை அப்புறம் அவற்றோடு இணைக்கலாம். நான் தெருக்களில் ஆரம்பித்து ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

சரி, எப்போது நடந்து பார்ப்பது? காலை எட்டரைக்கு, பள்ளி நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை போனால் உண்மை தெரியாது. கையில் அளவு நாடா இருக்கட்டும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும்; இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க அவ்வளவு தேவை. எங்கள் தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மருக்கும் மதிலுக்கும் நடுவே அளந்தேன். 55 சென்டிமீட்டர். கைத்தடியோடு வரும் என் அம்மா அங்கே ஒவ்வொரு முறையும் சாலையில் இறங்கித்தான் போகிறார், பின்னால் பஸ் ஹாரன் அடிக்க. இப்படிப்பட்ட இடத்தைப் படமெடுத்து, அளவையும் நேரத்தையும் அதிலேயே எழுதிவையுங்கள்.

சைக்கிளுக்குப் பெரிய சாலைக்கு இணையாகப் போகும் உள்தெருக்களே மேல், கால் கிலோமீட்டர் கூடினாலும். நவம்பர் மழைக்கு மறுநாள் அதே வழியில் மறுபடி மிதித்துப் பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

வரைபடத்தை வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் கொடுங்கள். பத்து இடத்துக் குறைகளை அடுக்க வேண்டாம். ஒரே ஒரு வழி, வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை, முழுதாக.