தென்னாப்பிரிக்காவின் இளம் பந்துவீச்சாளரை எடைபோடுவது எப்படி

2024 தொடக்கத்தில், தன் சொந்த மண்ணில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், குவேனா மபாகா என்ற இடதுகை வேகப்பந்துவீச்சாளர் 21 விக்கெட்டுகளை வீழ்த்தித் தொடரின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு மார்ச் 27 அன்று, ஐதராபாத்தில் மும்பை அணிக்காகத் தன் முதல் ஐபிஎல் ஆட்டத்தில் இறங்கிய அவர், 4 ஓவர்களில் 66 ரன்களைக் கொடுத்து ஒரு விக்கெட்டும் எடுக்காமல் திரும்பினார். முதல் செய்தியைப் படித்தவர்கள், தென்னாப்பிரிக்காவின் முன்னணி வேகப்பந்துவீச்சாளரான ரபாடாவைப் போல் இன்னொருவர் வந்துவிட்டார் என்றார்கள். இரண்டாவதைப் பார்த்தவர்கள் அவசரப்பட்டுவிட்டோம் என்றார்கள். இரண்டு முடிவுகளுமே போதிய சான்று இல்லாமல் எடுக்கப்பட்டவை. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய வேகப்பந்துவீச்சாளரோ ஆல்ரவுண்டரோ பேசப்படுகிறார். அவர்களில் யார் நிலைப்பார் என்பதை ரசிகர் தாமாகவே கணிக்க எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவர் எந்த வழியாக வந்தார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்நாட்டில் பள்ளிக் கிரிக்கெட்டே பெரிய வாசல். ரபாடா, ஆல்ரவுண்டர் வியான் முல்டர், மபாகா ஆகிய மூவரும் ஜோகன்னஸ்பர்க்கின் செயின்ட் ஸ்டிதியன்ஸ் என்ற ஒரே பள்ளியில் படித்தவர்கள். அத்தகைய பள்ளிகளில் நல்ல ஆடுகளமும் முழுநேரப் பயிற்சியாளரும் உண்டு என்பதால், அங்கிருந்து வரும் 18 வயதுப் பையன் ஏற்கெனவே ஓரளவு செதுக்கப்பட்டவனாக இருப்பான். அப்படிப்பட்ட வசதி கிடைக்காத ஊரிலிருந்து வருபவரின் பந்துவீச்சு முறையில் கரடுமுரடு கூடுதலாகவும், வளர இடம் கூடுதலாகவும் இருக்கும். முன்னாள் வேகப்பந்துவீச்சாளர் மகாயா நிடினி கிழக்குக் கேப்பின் முடிங்கி என்ற கிராமத்திலிருந்து வந்தவர் என்பதை மறக்கக் கூடாது. மாகாணங்களின் 19 வயதுக்குட்பட்ட அணிகள் டிசம்பரில் மோதும் காயா மஜோலா வாரம்தான் இரு தரப்பினரும் சந்திக்கும் களம். அதன் ஆட்ட விவரங்களைப் படிப்பவருக்கு, பெயர்கள் தொலைக்காட்சிக்கு வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே தெரிந்துவிடும்.

பள்ளிக்கு அடுத்த படி மாகாண அணி. 2021-22 முதல் 15 அணிகள் இரண்டு பிரிவுகளாக ஆடுகின்றன. முதல் பிரிவில் 8, இரண்டாம் பிரிவில் 7. ஒருவர் ஒரு பருவத்தில் எத்தனை விக்கெட் எடுத்தார் என்று பார்க்கும்போது எந்தப் பிரிவில் எடுத்தார் என்பதையும் சேர்த்தே பாருங்கள். முதல் பிரிவின் மட்டையாளர்களுக்கு எதிராக எடுத்த விக்கெட்டுக்கு எடை அதிகம்.

எண்ணிக்கையை ஆடுகளத்தோடு சேர்த்துப் படிப்பது அடுத்த பழக்கம். ஜோகன்னஸ்பர்க்கின் வாண்டரர்ஸ் மைதானம் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து வேகமாகப் பாயும், ஆடுகளத்திலிருந்து நன்றாக எகிறும். செஞ்சூரியனில் ஆட்டம் நீள நீள ஒரு பந்து தோளுக்கு எழும், அடுத்தது முழங்காலுக்குக் கீழே தங்கிவிடும். இவ்விடங்களில் சரியான லெங்த்தில் (பந்து தரையில் குத்தும் தூரம்) விடாமல் போட்டாலே விக்கெட் கிடைக்கும். பார்லிலும் கெபெர்ஹாவிலும் (பழைய பெயர் போர்ட் எலிசபெத்) அப்படியில்லை. அங்கே பெரும்பாலும் ஆடுகளம் மெதுவானது, வேகத்தை மட்டும் நம்பியவர் திணறிவிடுவார். ஆகவே உயர்நிலப் பகுதியில் 5 விக்கெட் எடுத்த இளைஞரைவிட, பார்லில் பழைய பந்தோடு 3 விக்கெட் எடுத்தவரைப் பற்றி நான் கூடுதல் ஆர்வத்தோடு விசாரிப்பேன்.

பழைய பந்து என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அங்கே பயன்படும் கூகபுரா பந்து முதல் 15, 20 ஓவர்கள் வரை ஸ்விங் ஆகும். பிறகு தையல் தட்டையாகிப் பந்து மென்மையாகிவிடும். புதிய பந்தில் எந்த நல்ல இளைஞரும் மிரட்டுவார். நாற்பதாவது ஓவரில், வெயில் ஏறிய பிற்பகலில், இரண்டு மட்டையாளர்கள் நிலைத்து நிற்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பதே கேள்வி. எனவே நான்கு நாள் ஆட்டமோ டெஸ்ட்டோ பார்க்கும்போது, முதல் ஸ்பெல்லை (ஒருவர் இடைவிடாமல் வீசும் ஓவர்களின் தொகுதி) கண்டு மகிழ்ந்துவிட்டு, இரண்டாவது, மூன்றாவது ஸ்பெல்களைக் கவனித்துப் பாருங்கள். வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் குறைகிறது? பந்தை விடுவிக்கும்போது மணிக்கட்டு பந்தின் பின்னால் நேராக நிற்கிறதா, பக்கவாட்டில் சரிகிறதா? மட்டையாளரின் கால் பக்கம் தளர்ந்த பந்துகள் ஓவருக்கு எத்தனை? விக்கெட் விழாதபோது பொறுமையாக ஒரே இடத்தில் போடுகிறாரா, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புதுவித்தை தேடுகிறாரா? இந்த நான்கையும் ஒரு தாளில் குறித்து வைத்தால் போதும். விக்கெட் கணக்கு சொல்லாததை அது சொல்லிவிடும். 2025-இல் லார்ட்ஸில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் ரபாடா இரண்டு இன்னிங்ஸ்களிலும் சேர்த்து 9 விக்கெட் எடுத்தார். திரும்பத் திரும்ப வந்து அதே கூர்மையோடு வீசிய அந்த ஆட்டத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

மபாகாவையும் இதே அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் கேப் டவுனில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆடியபோது அவருக்கு வயது 18 ஆண்டுகள் 270 நாட்கள். தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் ஆடிய ஆண்களில் இவ்வளவு இளையவர் அதுவரை இல்லை. பாபர் ஆசம் விக்கெட்டை அவர் எடுத்ததே எங்கும் பேசப்பட்டது. ஆனால் ஃபாலோ-ஆன் பெற்ற (ரன்னில் மிகவும் பின்தங்கியதால் உடனே மீண்டும் மட்டை பிடிக்க வேண்டியிருந்த) பாகிஸ்தான் இரண்டாவது இன்னிங்ஸில் 478 ரன் எடுத்தது. அந்த நீண்ட உழைப்புதான் அந்த இளைஞருக்கு உண்மையான பாடம். மறு ஒளிபரப்பைப் பார்க்க வாய்ப்பிருந்தால் அந்தப் பகுதியைப் பாருங்கள்.

ஒரே பந்துவீச்சாளரிடம் இரண்டு வழிகள் இருக்கின்றனவா என்பதும் முக்கியம். மார்கோ யான்சென் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2018-இல், 17 வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் இந்திய அணிக்கு வலைப்பயிற்சியில் பந்துவீசிக் கோலியைத் திணறவைத்ததாகப் பேசப்பட்டவர் அவர். 6 அடி 8 அங்குல உயரம், இடதுகைக் கோணம் ஆகியவை பிறவி வரம். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பது கற்றுக்கொண்டது. 2024 நவம்பரில் டர்பனில், புதிய பந்துக்கு உதவிய ஆடுகளத்தில், 13 ரன்களுக்கு 7 விக்கெட் எடுத்து இலங்கையை 42 ரன்களில் சுருட்டினார். ஓராண்டு கழித்துக் கவுகாத்தியில், அவரது அணியே 489 ரன் குவித்த ஆடுகளத்தில், பவுன்சர்களை ஆயுதமாக்கி 48 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். உதவி இல்லாத இடத்தில் வேறு வழி தேடும் இந்த அறிவு ஓர் இளைஞரிடம் சிறிதளவு தென்பட்டாலும் அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உடலைப் பற்றி ரசிகர்கள் போதிய அளவு யோசிப்பதில்லை என்பது என் வருத்தம். முதுகெலும்பின் கீழ்ப்பகுதி எலும்புகள் இருபதுகளின் நடுப்பகுதி வரைகூட முழுமையாக இறுகுவதில்லை. அதனால் இளம் வேகப்பந்துவீச்சாளர்களுக்கு அங்கே அழுத்த முறிவு வருவது வழக்கம். ஜெரால்டு கோட்ஸீ 2023 உலகக் கோப்பையில் 20 விக்கெட் எடுத்தார்; ஒரே உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கர் ஒருவர் எடுத்த அதிகபட்சம் அது. அதன் பிறகு காயங்கள் அவரை மீண்டும் மீண்டும் வெளியே உட்கார வைத்தன. ஆகவே 21 வயதுக்காரர் ஒரு தொடரில் ஆடவில்லை என்றால், உடனே அவரை ஒதுக்கிவிட்டார்கள் என்று கோபப்படாதீர்கள். கடந்த மூன்று மாதங்களில் எத்தனை ஓவர் வீசியிருக்கிறார், டி20-யிலிருந்து நேராக நீண்ட ஆட்டத்துக்குத் தாவியிருக்கிறாரா என்று பாருங்கள். ஓய்வு கொடுத்தது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆல்ரவுண்டரை எடைபோடும்போது ஒரே கேள்வி போதும்: இரண்டு திறன்களில் ஒன்றை எடுத்துவிட்டால், மீதமுள்ள ஒன்றுக்காக மட்டும் அவரை அணியில் வைப்பார்களா? இன்று யான்செனை வைப்பார்கள். கவுகாத்தியில் அவர் எடுத்த 93 ரன் அதற்கு மேல் கிடைத்த லாபம். 13,289 டெஸ்ட் ரன்களும் 292 விக்கெட்டுகளும் எடுத்த ஜாக் காலிஸை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இளைஞரையும் பார்ப்பது அநியாயம். அந்த ஒப்பீடு பலரைச் சுமையாக அழுத்தியிருக்கிறது. முல்டர் 2017-இல், 19 வயதில், ஒருநாள் அணிக்கு வந்தார். டெஸ்ட்டில் நெடுநாள் கீழ்வரிசையில் கொஞ்சம் மட்டை, கொஞ்சம் பந்து என்றே ஓடியது. முதல் டெஸ்ட் சதம் வர 2024 ஆனது. மூன்றாம் இடத்தில் இறங்கும் பொறுப்பைப் பெற்று, 2025 ஜூலையில் புலவாயோவில் ஆட்டமிழக்காமல் 367 ரன் எடுத்தார். எட்டு ஆண்டுகள். ஒரு பருவத்தைப் பார்த்து ஆல்ரவுண்டரைத் தீர்மானிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பெண்கள் அணியிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். அங்கே இப்போது விடைகள் இன்னும் சுவையானவை. 2024-ஆம் ஆண்டின் வளரும் வீராங்கனை என்ற ஐசிசி விருதைப் பெற்ற அனெரி டெர்க்சென், மட்டையாளராகவே இடம் கேட்கக்கூடியவர். 2025 உலகக் கோப்பையில் விசாகப்பட்டினத்தில் இந்தியாவுக்கு எதிராக 54 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 84 ரன் எடுத்து வெற்றியைப் பறித்த நடீன் டி கிளர்க், பந்துவீச்சாலும் தன் இடத்தை நியாயப்படுத்துபவர்.

சுழற்பந்துவீச்சாளர்களுக்கு வேறு காலண்டர். ஜோகன்னஸ்பர்க்கின் லயன்ஸ் அணியின் லெக் ஸ்பின்னர் நகாபா பீட்டர் 2024-இல் டி20 அணியில் அறிமுகமானார். அவரிடம் அவசரம் காட்ட வேண்டாம். 2025-இல் இந்தியாவில் 17 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகனான ஆஃப் ஸ்பின்னர் சைமன் ஹார்மருக்கு அப்போது வயது 36.

2023-இல் தொடங்கிய, தென்னாப்பிரிக்காவின் டி20 தொடரான எஸ்ஏ20 லீக்கைப் பார்க்கும்போது, எகானமியைவிட (ஓவருக்குக் கொடுத்த சராசரி ரன்) எந்த ஓவர் கொடுக்கப்பட்டது என்பதையே எழுதிக்கொள்ளுங்கள். ஓர் இளைஞருக்குப் பதினோராவது ஓவரைக் கொடுத்து ஒளித்து வைக்கும் கேப்டன், அதே இளைஞருக்குப் பத்தொன்பதாவது ஓவரைக் கொடுக்கத் தொடங்கும் நாளே அவர் வளர்ந்துவிட்டதாக அணி நம்பும் நாள். அந்தத் தேதியைக் குறித்துவிட்டு, அடுத்த நான்கு நாள் ஆட்டத்தில் அவரது மூன்றாவது ஸ்பெல்லுக்காகக் காத்திருங்கள்.