கடனுக்கு முன்னும் பின்னும்: சிறுதொழில் தொடங்கும் கிராமப்புறப் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராமத்தில் சிறுதொழில் தொடங்க விரும்பும் பெண்களுக்குக் கடன், பயிற்சி, மானியம், குழுச் சேமிப்பு எனப் பல வழிகளில் உதவி கிடைக்கிறது. எதை முதலில் நாடுவது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். பொருளை வாங்கப்போவது யார், மாதம் எவ்வளவு விற்கும் என்று தெரிவதற்கு முன்பே கடனுக்கு விண்ணப்பிப்பது பெரிய தவறு. விற்பனை சூடு பிடிக்கும்வரை தவணை காத்திருக்காது. எத்தியோப்பியா, மொராக்கோ, இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் குறுங்கடன் பற்றி நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வுகள், கடன் கிடைத்ததால் மட்டும் குடும்ப வருமானம் பெரிதாக உயர்ந்துவிடவில்லை என்றே காட்டின.

வட்டி எத்தனை விழுக்காடு என்று கேட்பவர்கள், அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேட்பதில்லை. ‘ஆண்டுக்கு 12 விழுக்காடு’ என்பது ஃபிளாட் வட்டியாக இருந்தால், மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத்தொகைக்கே வட்டி போடப்படும். 12 சம தவணைகளில் கட்டி முடிக்கும்போது, மீதமுள்ள அசலுக்கு மட்டுமே வட்டி போடும் குறையும் நிலுவைக் கணக்கில் அது 21 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. கட்டணங்களும் காப்பீட்டுப் பிடித்தமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

தம் பெயரில் வாங்கிய கடனைக் கணவரிடமோ உறவினரிடமோ அப்படியே கொடுத்துவிடுவது, என் பார்வையில், எல்லாவற்றிலும் கொடிய தவறு. செலவழிப்பவர் யாராக இருந்தாலும் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியவர் அந்தப் பெண்தான். கூட்டுப் பொறுப்புள்ள குழுக்கடன் என்றால், அவர் தவறும் தவணை சக உறுப்பினர்களின் தலையில் விழுகிறது.

பயிற்சியைச் சான்றிதழுக்காகத் தேர்ந்தெடுப்பதும், விண்ணப்பத்தை நிரப்ப இடைத்தரகரிடம் பணம் கொடுப்பதும் வீண்.

கணக்கு எழுதுவது கடினம் என்று அதை அடியோடு விட்டுவிடுபவர்களும் உண்டு. தொமினிக்கன் குடியரசில் சிறுதொழில் செய்வோரிடம் நடந்த, 2014இல் வெளியான ஓர் ஆய்வில், முறையான கணக்கியல் பாடத்தைவிட, தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரித்து வைப்பது போன்ற எளிய விதிகளே நன்கு பலன் தந்தன. இதற்கு இரண்டு டப்பாக்கள் போதும். தையல் வேலை செய்யும் பெண் துணி, நூல், மின்சாரம் எல்லாவற்றையும் விலையில் சேர்த்துவிட்டு, இரவில் தைத்த நான்கு மணி நேரத்தை மட்டும் விட்டுவிடுகிறார். அந்த நேரத்துக்கும் கூலி வைத்தே விலை சொல்ல வேண்டும். பணம் வந்ததும் அந்தக் கூலியைத் தொழில் டப்பாவிலிருந்து எண்ணி எடுத்து, எழுதி வைத்துவிட்டு, வீட்டு டப்பாவில் போட வேண்டும்.